பாப்கார்ன் போடும் நேரம்

எந்திரத்துக்குக் கை இல்லை.
தோள் இல்லை, முகம் இல்லை,
எறியப் போகிறேன் என்று
முன்கூட்டிச் சொல்லும் கால் இல்லை.
சுற்றும் ஒரு ரப்பர் சக்கரம்,
அதில் போய் முடியும் ஒரு தகரக் குழாய்.
குழாயில் பந்தைப் போடுவது நான்,
இடது கையால்.
வலது கையில் மாவுக்கட்டு.
குழுவில் எல்லோரும் அதில் பெயர் எழுதியிருந்தார்கள்,
லீடா நோவாட்னி மட்டும்
ஒரு கோழி வரைந்திருந்தாள்.

நெப்ராஸ்காவில் ஜூன் மாதம்
மாலை ஏழுக்கும் வெயில் இறங்காது.
தானியக் கிடங்கின் நிழல்
மூன்றாம் பேஸ் வரை வந்து
அதற்குமேல் வர மனமில்லாமல் நின்றுவிடும்.

லீடா வீசுகிறாள். காற்று.
மறுபடி வீசுகிறாள். காற்று.
பந்து வலையில் மோதி விழுந்த பிறகுதான்
மட்டை புறப்படுகிறது,
பள்ளிப் பேருந்து திரும்பிவிட்ட தெருமுனைக்கு
ஒற்றைச் செருப்போடு ஓடி வருகிறவள் மாதிரி.

கோச் ரோண்டா சொல்லியிருந்தார்:
பந்தை உயர்த்திக் காட்டு,
ஒன்று எண்ணு,
பிறகு விடு.
நான் உயர்த்திக் காட்டினேன்.
ஒன்று எண்ணவில்லை.
சில சமயம் எண்ணவே இல்லை,
சில சமயம் மூன்று.
செகண்ட் பேஸ் என்னுடைய இடம்.
கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம்.
அதுவரை அவள் நிற்கிறாள்
நான் குதிகாலால் குடைந்து வைத்த பள்ளத்துக்குப் பக்கத்தில்.

முப்பது பந்து. நாற்பது.
இரண்டு ஃபவுல்.
ஒன்று கட்டைவிரலில்.
அழவில்லை.
கையுறையைக் கழற்றி
இரவல் வாங்கிய பொருளைத் திருப்பித் தருமுன் பார்ப்பதுபோல
விரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு
மாட்டிக்கொண்டாள்.

அப்புறம் பந்து திடீரென்று சோம்பியது.
பாதி வழியில் தலை தொங்கி
அவளுக்கு முன்னால் மண்ணில் விழுந்தது.
அடுத்ததும் அப்படியே.
ரோண்டா எந்திரத்தை ஒரு உதை உதைத்து
திருகைத் திருகினார்.
இரண்டு பந்து ஒழுங்காக வந்தது.
மூன்றாவது
லீடாவின் ஹெல்மெட்டுக்கு மேலே சீறிப் பறந்தது.

லீடா மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு
தின்பண்டக் கடையைப் பார்த்தாள்.
"பாப்கார்ன்" என்றாள்.
ரோண்டாவுக்குப் புரியவில்லை.
எனக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை.
எந்திரத்தின் ஆரஞ்சு வயர்
புல்லில் ஊர்ந்து அந்தக் கடைக்குள்தான் போகிறது.
அங்கே மிஸஸ் ஹ்ருஸ்கா சட்டியைச் சூடேற்றினால்
இங்கே சக்கரத்துக்கு மூச்சு வாங்குகிறது.

அதன்பின் அவள் என் கையைப் பார்க்கவேயில்லை.
குழாயில் பந்து உருளும் கடகட.
சக்கரத்தின் குரல் கனத்திருந்தால் காத்திருந்தாள்,
மெலிந்திருந்தால் முந்தினாள்.
தண்ணீர் குடிக்க வந்தபோது
கோபமே இல்லாமல் சொன்னாள்:
"உன் கை பொய் சொல்லுது.
குழாய் சொல்லாது."
நான் வாளியில் மிச்சப் பந்துகளை எண்ணுவதுபோல்
குனிந்துகொண்டேன்.
ஒன்பது இருந்தன.
ஏழை அடித்தாள்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கும் அதே எந்திரம், அதே வயர்.
நான் பெஞ்சில், மடியில் ஸ்கோர் புத்தகம்.
நான்காம் இன்னிங்ஸில் கடைமுன் வரிசை நீண்டது,
வெண்ணெய் வாசனை வந்தது,
வெளியூர்க் குழுவின் பெண்கள்
ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகக் காற்றை அடித்தார்கள்.
எங்களுக்குக் காரணம் தெரியும்.
எங்கள் பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு.

மூன்றாவதாக வந்தவள் மிகச் சின்னவள்,
ஹெல்மெட் மூக்குவரை இறங்கியிருந்தது.
இரண்டு ஸ்ட்ரைக்.
செகண்ட் பேஸிலிருந்து ஒரு குரல்:
"மெதுவா வரும்! காத்திரு!"
லீடாதான்.
ரோண்டா திரும்பி அவளை முறைத்தார்.

சின்னவள் காத்திருந்தாள்.
பந்து மெதுவாக வந்தது.
தட்டினாள்.
அது புல்லோரமாக உருண்டு
நேராக லீடாவிடம் போய்
என் பள்ளத்தில் இடறி
அவள் கையுறையைத் தாண்டிக் குதித்தது.

புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம்.
பிழை என்று எழுதலாம்.
ரோண்டாவும் அதைத்தான் சொன்னார்.
நான் அடி என்று எழுதினேன்,
இடது கையால்,
கோணல்மாணலாக,
யாராலும் சரியாகப் படிக்க முடியாதபடி.